பஸ் சத்தம் கேட்கிற வீடு

சுடலையையும் அன்பர் நெஞ்சையும் ஒருங்கே தன் இருப்பிடமாகக் கொண்டு, இரண்டுக்கும் முன்பணம் கொடாமல் குடியிருக்கிற பெருமானின் திருவடிகளை முதற்கண் வணங்குகிறேன். உயிருக்கு உடம்பு என்னும் வீட்டைப் பார்த்துக் கொடுத்தவன் அவன். அதற்காக அவன் தரகு வாங்கியதாக எந்தப் பதிகத்திலும் நான் ஓதியதில்லை. அவன் செய்த அதே தொழிலைச் சிறிய அளவில், தேனி நகரத்தில், நான் செய்து வருகிறேன். நான் தரகு வாங்குகிறேன்.

வாடகை வீட்டுத் தரகு என்பது, ஒருவரையொருவர் அறியாத இருவரிடம் தனித்தனியே சென்று, மற்றவர் மிகவும் நல்லவர் என்று சொல்கிற தொழில். சொன்னது பலித்தால் நம்மை மறந்துவிடுவார்கள். பலிக்காவிட்டால் கோயில் வாசலில் நிறுத்திக் கேட்பார்கள்.

வாடகைக்கு வீடு தேடி அலைந்த அன்பர்களே, நீங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். குழாயைத் திறந்து பார்த்துத் தலையாட்டியிருக்கிறீர்கள். பிடிக்காத சமையலறையைப் பிடித்திருக்கிறது என்று சொல்லியிருக்கிறீர்கள். ‘சொந்தக்காரங்க வர்றதாச் சொல்லிட்டாக’ என்ற மறுமொழியைக் கேட்டுவிட்டுப் படியிறங்கியிருக்கிறீர்கள். அந்தப் படிகளில் உங்களுக்கு முன்னால் இறங்கியவன் நான். ஆகவே நாம் உறவினர்.

விருந்தாளிகள் எத்தனை நாள் தங்குவார்கள்?

வீட்டு உரிமையாளர்களின் கேள்விகளுக்கு ஒரு வரிசை உண்டு. எந்த ஊர் என்பார்கள். என்ன வேலை என்பார்கள். மூன்றாவது கேள்வியை நேராகக் கேட்கக் கூசி, ‘அந்த ஊர்ல நீங்க எந்தத் தெரு?’ என்று சுற்றி வந்து கேட்பார்கள். தெருவின் பெயரிலேயே அவர்களுக்கு வேண்டிய விடை கிடைத்துவிடும். எல்லா உயிரையும் ஒன்றாகக் காணச் சொல்லும் நூல்களைக் காலையில் ஓதிவிட்டு, பத்து மணிக்கு இந்தக் கேள்வியை நான் காதில் வாங்கிக்கொண்டு நிற்கிறேன். இறைவன் பொறுத்தருள வேண்டும்.

அல்லிநகரத்தில் ஒருவர் இவற்றோடு நிற்கமாட்டார். தண்ணீர் மோட்டாரின் மீது அவருக்குப் பெற்ற பிள்ளையைப் போன்ற பாசம். கெங்குவார்பட்டியிலிருந்து வந்த இளந்தம்பதியை அவரிடம் அழைத்துச் சென்றேன். கணவருக்குப் பெரியகுளத்தில் அரசு அலுவலகப் பணி. எல்லாக் கேள்விகளும் முடிந்தபின் உரிமையாளர் குரலைத் தாழ்த்தி, ‘விருந்தாளி வந்தா எத்தன நாள் இருப்பாக?’ என்றார். கணவர் விழித்தார். மனைவியோ சிறிதும் தயங்கவில்லை. வீடு அக்கணமே கிடைத்தது. அந்தப் பெண் சொன்னது இதுதான்: “நீங்க பயப்படாதீக. எங்க சமையலச் சாப்பிட்டவுக யாரும் ரெண்டாம் நாள் தங்குனதே இல்ல.”

வீட்டில் என்ன குறை?

பழைய பஸ் நிலையத்துக்கு அருகே, போடி செல்லும் சாலை வளைகிற இடத்தில் பாண்டியம்மாள் என்பவருக்கு ஒரு மாடி வீடு இருக்கிறது. கணவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆயின. மகன் கோயம்புத்தூரில் இருக்கிறார். மாடியில் தாம் தனியே இருந்துகொண்டு, கீழ்ப் பகுதியை வாடகைக்கு விடுவார். இரண்டு அறை, வற்றாத தண்ணீர், கிழக்கு பார்த்த வாசல்; வாடகையோ அந்த வட்டாரத்திலேயே குறைவு. ஆயினும் எவரும் தங்குவதில்லை. போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் வருகிற ஒவ்வொரு பஸ்ஸும் வளைவில் திரும்பும்போது அந்த வீட்டு ஜன்னலுக்கு நேரே வந்துதான் ஹாரன் அடிக்கும். கோயிலில் பூசை வேளைக்கு மட்டும் ஊதுகிற சங்கை அங்கே நாள் முழுதும் ஊதுவார்கள்.

பாண்டியம்மாளுக்கு இரண்டு விதிகள் உண்டு. குடியிருப்பவர் வீட்டைக் குறை சொல்லக் கூடாது என்பது ஒன்று. தனியாக இருக்கிற பெண்ணுக்கு வீடு இல்லை என்பது மற்றொன்று. ‘ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா ஆரு பதில் சொல்றது?’ என்பார். தாமும் தனியாக இருக்கிற பெண்தான் என்பது அவர் நினைவுக்கு வருவதில்லை.

என்னோடு இத்தொழிலில் கூட்டாக இருப்பவர் சின்னராசு. நான் நடந்து சென்று வீடு பார்ப்பேன். அவர் மோட்டார் சைக்கிளில் சென்று படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். படத்தில் ஹாரன் கேட்காது. அவர் ஒரு வங்கி ஊழியரைப் பிடித்து, பஸ்கள் குறைவாக ஓடும் மதிய வேளையாகப் பார்த்து வீட்டைக் காட்டி, குடியும் வைத்துவிட்டார். அந்த வாரம் முடியுமுன் வங்கி ஊழியர் காதில் பஞ்சோடு வந்து சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். செய்தியைச் சொல்ல நாங்கள் இருவரும் சென்றபோது பாண்டியம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்: “வீட்டுல என்னய்யா குறை கண்டாரு? சத்தம் வெளியிலதான இருக்கு!”

எந்த வீட்டுக்கு?

ஆனி மாதத்தின் கடைசி வாரத்தில் மகேஸ்வரி என்ற பெண் என்னைத் தேடி வந்தார். நாற்பதை ஒட்டிய வயது. கடைவீதியில் ஒரு ஜவுளிக் கடையில் நாளெல்லாம் நின்று புடவை விரித்துக் காட்டுகிற வேலை. கணவர் விட்டுப் பிரிந்து சென்றுவிட்டார், பிள்ளைகள் இல்லை. பெண்கள் விடுதி ஒன்றில் ஒரு கட்டில் அவருடைய இருப்பிடம். தந்தை வேலுச்சாமி, தேவாரத்துக்கும் தேனிக்கும் இடையே ஓடுகிற தனியார் பஸ்ஸில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நோய் வந்து பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தார். தேவாரத்தில் அவர் வாடகைக்கு இருந்த ஓர் அறையை அந்த நோயின் நடுவில் காலி செய்தாயிற்று.

எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்று வழக்கம்போல் கேட்டேன். மகேஸ்வரி சற்று நேரம் என் மேசையின் மீதிருந்த திருநீற்றுக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அழாமல், கடையில் விலை சொல்லும் குரலில் சொன்னார்: “இனிமே வைத்தியம் ஒண்ணும் இல்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் நல்லபடியா வச்சுக்கங்கன்னு டாக்டரு சொல்லிட்டாக. எந்த வீட்டுக்குன்னு அவுக சொல்லலையே, ஐயா.”

பட்டியல் ஒப்பித்தது

உண்மையை மறைத்து வீடு பிடிக்கும் வழக்கம் என்னிடம் இல்லை. ‘வீட்டுல யார் யாரு?’ என்று கேட்டவர்களிடம், மகள் ஒருவர், நோயுற்ற தந்தை ஒருவர் என்றேன். ‘என்ன நோய்?’ என்றார்கள். சொன்னேன். உடனே அவர்கள் முகத்தில் ஒரு கணக்கு ஓடும். அந்தக் கணக்கை வெளியூர் அன்பர்களுக்காக விளக்குகிறேன். சில நட்சத்திரங்களில் ஓர் உயிர் பிரிந்தால் அதை அடைப்பு என்பார்கள். உயிர் பிரிந்த அறையைச் சில மாதங்கள் மூடிவைத்து, மாலைதோறும் அங்கே விளக்கேற்ற வேண்டும் என்பது வழக்கம். சொந்த வீட்டில் அது துக்கத்தின் ஒரு பகுதி. வாடகை வீட்டில் அது உரிமையாளரின் தலைவலி; அடைப்பு விழுந்த வீட்டுக்கு அதன் பிறகும் ஆள் வரமாட்டார்கள். சுடுகாட்டில் ஆடுகிறவனை நாள்தோறும் கும்பிடுகிறோம். நம் வீட்டில் ஒருவர் கண்மூடிவிடுவாரோ என்று நடுங்குகிறோம்.

பங்களாமேட்டில் ஒரு பெரியவர் இரக்கமுள்ளவர். கதவைத் திறந்துவிட்டார், சாவியைக்கூடக் கையில் எடுத்துவிட்டார். பிறகு, ‘ஐயாவுக்குத்தான் பஞ்சாங்கம் அத்துபடியாச்சே. எந்தெந்த நட்சத்திரத்துக்கு அடைப்பு?’ என்று பணிவோடு கேட்டார். கேட்டவர்க்குச் சொல்லாமல் இருப்பது கல்விக்கு அழகன்று என்று எண்ணித் தொடங்கினேன். அவிட்டம் முதல் ரேவதி வரையில் ஆறு மாதம் என்றேன். ரோகிணிக்கு நான்கு, கார்த்திகைக்கும் உத்திரத்துக்கும் மூன்று, இன்னும் சிலவற்றுக்கு இரண்டு என்று தடங்கலின்றி அடுக்கினேன். என் நினைவாற்றலில் எனக்கே மகிழ்ச்சி பிறந்தது. நிமிர்ந்து பார்த்தபோது சாவி அவர் சட்டைப் பைக்குள் போயிருந்தது.

இப்படி மூன்று வீடுகள் போயின. ஆடியும் பிறந்துவிட்டது. ஆடியில் எவரும் வீடு மாறமாட்டார்கள். எனவே கண்ட இடமெல்லாம் வாடகைப் பலகை. அத்தனை பலகைகளும் மேல்காற்றில் ஆடிக்கொண்டிருக்க, மகேஸ்வரிக்கு மட்டும் வீடு இல்லை. படுக்கை வேண்டும், அழைத்துச் செல்லுங்கள் என்று ஆஸ்பத்திரியில் இரண்டு முறை சொல்லியாயிற்று. பங்களாமேட்டுத் தெருமுனையில் சின்னராசு வண்டியை நிறுத்தி, தலைக்கவசத்தைக் கழற்றாமலே என்னைக் கேட்டார்: “ஐயா, நீங்க வீடு பிடிக்க வந்தீகளா, வீட்டப் பூட்ட வந்தீகளா?”

கண்டக்டரின் நிபந்தனை

வீடு யாருக்காகத் தேடுகிறோமோ அவரை ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். வேலுச்சாமி ஜன்னலிலிருந்து தொலைவான கட்டிலில் கிடந்தார். மெலிந்த உடம்பு, ஆனால் வாய் மெலியவில்லை. என்னைக் கண்டதும், ‘வாங்கய்யா. எங்கன ஏறுனீக?’ என்றார். பழைய பஸ் நிலையத்தில் என்றேன். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு வரும் வண்டிகளில் எதில் உட்கார இடம் கிடைக்கும், எதில் கிடைக்காது என்று விளக்கிவிட்டுத்தான் நலம் விசாரிக்க விட்டார்.

அமைதியான இடமாக, காற்றோட்டமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று ஆறுதலாகச் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. ‘அமைதியா? வேணாம்யா. இங்கன இருக்கிற அமைதியிலதான் எனக்கு ஒறக்கமே போச்சு’ என்றார். ‘ஏங்கப்பா, ஐயா நமக்காக அலையுறாக’ என்று மகேஸ்வரி அதட்டினார். அவர் மகளைக் கையமர்த்திவிட்டு என்னைப் பார்த்தார். ‘எனக்கு எறங்குற எடம் வரப்போகுதுன்னு தெரியும்யா. எம்மககிட்டச் சொல்லாதீக, அவளுக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கேன்’ என்றார், மகள் பக்கத்தில் நிற்கும்போதே. மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார். வேலுச்சாமி தம் நிபந்தனையைச் சொன்னார்: “பஸ் சத்தம் கேக்குற எடமாப் பாருங்க. சத்தமில்லாத வீட்டுல படுத்தா, ஷெட்டுல ஒதுக்கிப் போட்ட வண்டி மாதிரி இருக்கும்யா.”

மூன்று முறை கேட்டார்

அந்த நிபந்தனைக்குத் தேனியில் ஒரே வீடுதான் இருந்தது. ஆனால் பாண்டியம்மாள் மூன்று முறை பூசை செய்தபின்தான் பச்சைத் தண்ணீர் குடிப்பவர். நாள், நட்சத்திரம், சகுனம் எதையும் விடாதவர். சின்னராசு வழிநெடுக என்னிடம் கெஞ்சிக்கொண்டு வந்தார்: ‘அப்பாவுக்கு லேசா ஒடம்பு சரியில்லன்னு மட்டும் சொல்லுவோம், ஐயா. பட்டியலக் கேட்டா மறந்துபோச்சுன்னு சொல்லிருங்க.’ மறக்காததை மறந்தேன் என்று எப்படிச் சொல்வது? மாடியேறியதும் எல்லாவற்றையும் சொன்னேன். பெரியவருக்கு நாள் எண்ணப்படுகிறது என்றும் சொன்னேன். சின்னராசு என் காலை மிதித்தார், வலித்தது, தொடர்ந்தேன். பாண்டியம்மாள் எழுந்து நின்றுவிட்டார். ‘அடைப்பு விழுந்துச்சுன்னா? நான் ஒத்தையில இருக்கிறவ. மாடிக்குக் கீழ பூட்டுன வீட்ட வச்சுக்கிட்டு எப்படி இருப்பேன்? இது அடுக்குமா, ஐயா?’ என்றார்.

அவர் அச்சம் நியாயமானது. நான் எழுந்தேன். போகிறபோக்கில், ‘பாவம், பஸ் சத்தம் கேட்கிற வீடாகத்தான் வேண்டும் என்று கேட்டார்’ என்றேன். பாண்டியம்மாள், ‘என்னது?’ என்றார். மறுபடி சொன்னேன். ‘சத்தம் கேக்கக் கூடாதுன்னா, கேக்கணும்னா?’ என்றார். கேட்க வேண்டுமாம் என்றேன். ‘நெசமாவா?’ என்றார். அப்போது கீழே ஒரு பஸ் வளைவில் திரும்பி நீளமாக ஹாரன் அடித்தது. அது ஓயும்வரை மூவரும் நின்றோம். அந்த அம்மையாரின் முகத்தில், ஊரார் பழித்த பெண்ணைத் தேடி நல்ல இடத்திலிருந்து மாப்பிள்ளை வந்துவிட்டதைப் போன்ற ஒரு மலர்ச்சி தோன்றியது.

அவர் உள்ளே சென்று, சாமி படத்தின் முன் சிறிது நின்று, சாவியோடு வந்தார். அதைக் கையில் கொடுக்குமுன் சொன்னார்: “இந்த வீட்டச் சத்தத்துக்காகவே ஒரு மனுசர் கேட்டிருக்காக, நட்சத்திரம் பாத்து நான் இல்லேன்னு சொன்னா சாமிக்கே பொறுக்காது. ஆனா ஒண்ணு, ஏதாச்சும் ஆச்சுன்னா என்ன செய்யணும்னு நீங்கதான் வந்து சொல்லணும், நீங்க சொல்றபடிதான் நான் செய்வேன்.”

ஆடியில் பால் காய்ச்சலாமா?

ஆடிக் காற்று தெருப் புழுதியை அள்ளி வீசிய ஒரு பிற்பகலில் வேலுச்சாமி ஆட்டோவிலிருந்து இறங்கினார். சின்னராசு ஒருபுறமும் நான் ஒருபுறமும் தாங்கிக்கொள்ள, வாசலில் நின்று, ‘உள்ள போங்க, உள்ள போங்க, உள்ள எடம் இருக்கு’ என்று எங்களையே விரட்டினார். ஜன்னல் ஓரத்தில் கட்டிலைப் போட்டோம்.

அங்கே ஒரு சிக்கல் எழுந்தது. புதுவீடு புகுந்தால் முதலில் பால் காய்ச்ச வேண்டும். ஆடியில் பால் காய்ச்சக் கூடாது. பால் காய்ச்சாத வீட்டில் அடுப்புப் பற்றவைத்துச் சமைப்பது எப்படி? பாண்டியம்மாள் மாடிப்படியில் நின்றபடி என்னைப் பார்த்தார். மகேஸ்வரி பாத்திரத்தோடு நின்றபடி என்னைப் பார்த்தார். நான் படித்த நூல்களையெல்லாம் மனத்துக்குள் புரட்டிக்கொண்டிருந்தேன். கட்டிலில் படுத்திருந்தவர் பொறுமையிழந்து தீர்ப்புச் சொன்னார்: “பாலத் தனியாக் காய்ச்சுனாத்தான குத்தம்? ஏத்தா மகேசு, டீத்தூளப் போட்டுக் காய்ச்சு.”

ஒற்றை விசில்

வேலுச்சாமி ஒரு மாதம் இருந்தால் பெரிது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். ஆவணி போயிற்று, புரட்டாசியும் போயிற்று. ஹாரனைக் கேட்டே இன்ன வண்டி, இன்ன டிரைவர், இன்றைக்கு எவ்வளவு தாமதம் என்று சொல்லிக்கொண்டு படுத்திருப்பார். பாண்டியம்மாள் போடிக்குப் போக வேண்டுமானால் சாலைக்குப் போய் நிற்பதில்லை. மாடிப்படியிலிருந்தே, ‘அண்ணே, வண்டி வருதா?’ என்பார். ‘வருது, ஆனா கூட்டம். அடுத்ததுல போங்க’ என்று ஜன்னலிலிருந்து விடை வரும். கடைக்குப் போன மகள் வரும்வரையில் கஞ்சியும் மாத்திரையும் கொடுப்பது எப்போது பாண்டியம்மாளின் வேலையாயிற்று என்று எவரும் கவனிக்கவில்லை. முதலில் படியில் நின்றே கேட்டுக்கொண்டிருந்தவர், பிறகு உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

மாலையில் நான் சென்று ஒரு பதிகம் ஓதுவது வழக்கமாயிற்று. பாட்டுக்குப் பாட்டு ஹாரன் குறுக்கிடும். நான் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குவேன். ‘நிறுத்தாதீக ஐயா, சாமிக்கு ரெண்டும் சேந்தே கேக்கட்டும்’ என்பார் வேலுச்சாமி. ஒரு நாள் தேவாரம் வண்டி வளைவில் திரும்புகையில், ஹாரனோடு ஒற்றை விசில் ஒன்று கேட்டது. ஒற்றை விசில் என்றால் வண்டி நிற்க வேண்டும். இரட்டை விசில் என்றால் புறப்பட வேண்டும். வண்டி ஒரு கணம் தயங்கி நின்றது. படியில் தொங்கிக்கொண்டிருந்த கண்டக்டர் ஜன்னலை நோக்கிக் கும்பிட்டார். பிறகு இரட்டை விசில்; வண்டி போய்விட்டது. வேலுச்சாமியின் முகத்தை அன்று நான் பார்த்தேன். மூலவருக்குத் திரை விலகும்போது அடியவர் முகத்தில்தான் அத்தகைய ஒளியைக் கண்டிருக்கிறேன். அவர் சொன்னார்: “எங்கிட்ட வேல பழகுன பய. அங்கன ஸ்டாப்பே கெடையாது, எனக்காக நிப்பாட்டுறான்.”

இரட்டை விசில்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில், முதல் வண்டி போனபின் அவர் இறங்கிவிட்டார். மகள் பக்கத்தில் இருந்தார். பாண்டியம்மாள் கஞ்சிக் கிண்ணத்தோடு வாசலில் நின்றார். துன்பமில்லாத முடிவு, சொந்தக் கட்டில் என்று சொல்லத்தக்க ஒரு கட்டில், சாலை முழுதும் அவருக்குத் தெரிந்த சத்தம். பெருமான் திருவடி நிழலில் அவருக்கு ஓர் இருக்கை ஒதுக்கப்பட்டிருக்கும். அங்கும் ஜன்னல் ஓரமாகத்தான் கேட்டு வாங்கியிருப்பார்.

பிற்பகலில் எடுத்துச் செல்லும்போது மழை விட்டிருந்தது. வளைவில் தேவாரம் வண்டி வந்து நின்றது. பயணிகள் எவரும் முணுமுணுக்கவில்லை. அந்தக் கண்டக்டர் இறங்கி வந்து, மாலையைப் போட்டு, காலைத் தொட்டுக் கும்பிட்டார். பிறகு விசிலை வாயில் வைத்து இரட்டை விசில் கொடுத்தார். தூக்கியவர்கள் நடக்கத் தொடங்கினார்கள். மகேஸ்வரியின் பக்கம் திரும்பி அவர் சொன்னார்: “‘ரைட் குடுடா, எம்புட்டு நேரமா வண்டிய நிப்பாட்டி வச்சிருப்ப’ன்னு அண்ணே என்னைய எத்தன நாள் வைஞ்சிருக்காரு. இன்னைக்குக் குடுத்துட்டேன், தங்கச்சி.”

சாஸ்திரம்

சடங்குகள் முடிந்த மறுநாள் பாண்டியம்மாள் எனக்கு ஆள் அனுப்பினார். நான் சொல்ல வேண்டிய வேளை வந்துவிட்டது. அவர் கண்மூடிய நாளின் நட்சத்திரம் ரோகிணி. நான்கு மாத அடைப்பு. சின்னராசுவையும் அழைத்துக்கொண்டு சென்றேன். அங்கே மகேஸ்வரி தம் துணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தார். ‘அப்பாவுக்காகத்தான் வீடு குடுத்தாக. அவுகளுக்கு நட்டம் வச்சிட்டேன். தனியா இருக்கிற பொம்பளைக்கு வீடு கெடையாதுன்னு எனக்குத் தெரியும், ஐயா’ என்றார். விடுதியில் அவர் விட்டுவந்த கட்டிலை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். எங்கே போவீர்கள் என்று கேட்டேன். அவர் பையின் வாரை இழுத்துக் கட்டினார்.

பாண்டியம்மாள் இறங்கி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ‘என்ன நட்சத்திரம்?’ என்றார். சொன்னேன். ‘எம்புட்டு மாசம்?’ என்றார். சொன்னேன். ‘அறையில தெனம் வெளக்கு ஏத்தணுமா?’ ஏற்ற வேண்டும் என்றேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். ‘அந்த வெளக்கப் பெத்த பிள்ளைதான் ஏத்தணும். வேற ஆள் ஏத்தப்படாது. ஏத்துறவுக அந்த வீட்டுலயே இருக்கணும், வெளியில தங்கப்படாது. அப்படித்தான சாஸ்திரம்?’ என்றார். நான் அறிந்த எந்த நூலிலும் அப்படி ஒரு விதி இல்லை. இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். நீங்கள் சொல்வதைத்தான் செய்வேன் என்று சாவி கொடுத்த அன்று சொன்னவர் அவர். இன்று என்ன சொல்ல வேண்டும் என்பதையும் அவரே சொல்லிக்கொடுத்தார். பின்னால் சின்னராசு என் காலை மிதிப்பதற்கு ஆயத்தமாக நின்றார். அவருக்கு அந்தச் சிரமத்தை நான் கொடுக்கவில்லை. ‘ஆம் அம்மா. அப்படித்தான்’ என்றேன். என் பெருமான் அப்போது என்னை விலக்கியதாகத் தெரியவில்லை.

மகேஸ்வரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கடையில் ஆயிரம் பேரின் முகம் பார்த்துப் பழகியவர், அவருக்குப் புரிந்திருக்கும். பையின் வாரிலிருந்து கையை எடுக்காமல், ‘நாலு மாசம் கழிச்சு?’ என்று மெல்லக் கேட்டார். வெளியே போடி வண்டி ஒன்று நீண்ட ஹாரனோடு திரும்பிக்கொண்டிருந்தது. அது அடங்கட்டும் என்று காத்திருந்து, பாண்டியம்மாள் எழுந்து, பையை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டே சொன்னார்: “அதுக்கு மேல தலைத்திவசம் வரைக்கும் வீடு மாறக் கூடாது, ஆத்தா. அதுக்கப்புறமும் என்னமோ இருக்கு, ஐயா பாத்துச் சொல்லுவாக.”

எந்த ஏட்டிலும் இல்லாத அந்தச் சாஸ்திரத்தை இப்போது அல்லிநகரம் முதல் பழனிசெட்டிபட்டி வரையில் உள்ள உரிமையாளர்களுக்கு நானே அதிகாரத்தோடு எடுத்துச் சொல்லி வருகிறேன் என்பதும், அதற்கு மட்டும் தரகு வாங்குவதில்லை என்பதும்தான் இத்தொழிலில் நான் கண்ட முன்னேற்றம்.

இதைப் படித்தவர்க்கும், படிக்கக் கேட்டவர்க்கும், நட்சத்திரம் கேளாமல் கதவு திறக்கிற ஒரு வீடு அமையட்டும். அந்த வீட்டில் அவரவர்க்குப் பிடித்த சத்தம் குறைவறக் கேட்கட்டும். மாலையில் அங்கே விளக்கேற்ற என்றும் ஒரு கை இருக்கட்டும்.